மென்பொருள் வெளியீட்டுக்குப் பெயர் வைக்கும்முன், அது எங்கெல்லாம் போய் உட்காரும் என்று பாருங்கள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 1.0 என்ற பதிப்பே கிடையாது. 0.93-க்குப் பிறகு நேராக 1.1. இடையில் நடந்தது இதுதான். 1995 கடைசியில் ஒரு சிடி நிறுவனம் டெபியனின் சர்வரில் 1.0 என்ற எண்ணோடு வளர்ந்துகொண்டிருந்த கோப்புறையைப் பார்த்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அப்படியே சிடியில் பதித்து வெளியிட்டுவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் நிரல்களெல்லாம் எல்ஃப் என்ற புதிய வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. சிடியில் போனதில் பாதி மாறியிருந்தது, பாதி மாறவில்லை. ஒழுங்காக பூட் ஆகுமா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. டிசம்பர் 11 அன்று, "அது எங்கள் 1.0 அல்ல" என்று டெபியன் அறிவிக்க வேண்டியதாயிற்று. பாழாய்ப்போன எண்ணை அப்படியே விட்டுவிட்டு, 1996 ஜூனில் 1.1 வந்தது. அதற்குப் பெயரும் இருந்தது: பஸ். ஏறிப் போகிற பஸ் இல்லை, டாய் ஸ்டோரி படத்தில் வரும் விண்வெளி வீரர் பொம்மை. அப்போது டெபியனின் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்ஸாரில் வேலை பார்த்தவர். அன்றிலிருந்து இன்றுவரை டெபியனின் பெயர்களெல்லாம் அந்தப் படங்களிலிருந்துதான்.

திறமூல மென்பொருளில் வெளியீட்டுப் பெயர்கள் அழகுக்காக வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். டெபியனில் அவை ஒரு கோப்புறைச் சிக்கலுக்குத் தீர்வாக வேரூன்றியவை. அந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டால், உங்கள் திட்டத்துக்குப் பெயர் தேவையா, எப்படிப்பட்ட பெயர் வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பைச் சர்வரில் ஏதாவது ஒரு பெயரில் வைத்தாக வேண்டும். எண்ணைப் போட்டு வைத்தால், வெளியாகிவிட்டது என்று வெளியாட்கள் எடுத்துக்கொள்வார்கள். 1.0-க்கு நடந்தது அதுதான். "சோதனையில்", "நிலையானது" என்று நிலையைப் போட்டு வைத்தால், நிலை மாறும் நாளில் கோப்புறையின் பெயரையும் மாற்ற வேண்டும். உலகம் முழுக்க நகல் வைத்திருக்கும் மிரர் சர்வர்களுக்கு அது புதிய கோப்புறை. எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். இரண்டுக்கும் நடுவே, எண்ணும் இல்லாமல் நிலையும் இல்லாமல், எதையும் வாக்குக் கொடுக்காத ஒரு சொல் வேண்டும். அதுதான் குறிப்பெயர். கோப்புறைக்கு அந்தப் பெயர். "ஸ்டேபிள்" என்பது வெறும் சிம்லிங்க், அதாவது அந்தக் கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழி. வெளியீட்டு நாளில் அந்த லிங்கை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டால் போதும், எந்தக் கோப்பும் நகராது.

சிட் என்ற பெயரும் இப்படி வந்ததுதான். புதிய செயலிக் கட்டமைப்புகளுக்காகத் தயாரான நிரல்கள் எந்த வெளியீட்டில் சேரும் என்று தெரியாமல், வெளியீட்டின்போது இடம் மாற்ற வேண்டியிருந்தது. அவற்றை வைக்க, எப்போதும் வெளியாகாத ஒரு கோப்புறையை உண்டாக்கினார்கள். படத்தில் பக்கத்து வீட்டில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அதற்கு. இன்று டெபியனின் நிலையற்ற கிளைக்கு நிரந்தரப் பெயர் சிட். மற்ற பெயர்கள் வரும், போகும். அது மட்டும் அங்கேயே இருக்கும்.

இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது

பெயருக்கும் நிலைக்கும் உள்ள இந்த வேறுபாடு, சர்வர் பார்த்துக்கொள்பவர்களின் கையில் தினமும் படுகிறது. நிரல்களை எந்தக் களஞ்சியத்திலிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் "ஸ்டேபிள்" என்று எழுதி வைத்தால், அடுத்த டெபியன் வெளியாகும் நாளில் உங்கள் சர்வரும் அடுத்த பதிப்பின் பக்கம் திரும்பிவிடும். வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல் என்று நினைத்துக் கட்டளை கொடுத்தவருக்கு முழுப் பதிப்பு மாற்றம் கிடைக்கும், அதுவும் அரைகுறையாக. ஆகவே வேலை நடக்கும் இயந்திரங்களில் புக்வோர்ம், டிரிக்ஸி என்று குறிப்பெயரையே எழுதுங்கள். மாறுகிற நாளை நீங்கள் தீர்மானியுங்கள்.

குறிப்பெயரை எழுதியிருந்தாலும் ஒரு தடங்கல் வரும். 2021 ஆகஸ்ட் 14-ல் புல்ஸ்ஐ வெளியானபோது, பஸ்டர் "ஸ்டேபிள்" என்ற நிலையிலிருந்து "ஓல்ட்ஸ்டேபிள்" ஆனது. களஞ்சியத்தின் நிலை மாறிவிட்டது, ஒப்புதல் வேண்டும் என்று சொல்லி, நிரல் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட்-கெட் அப்டேட் கட்டளை நின்றது. மனிதர் உட்கார்ந்து ஆப்ட் அப்டேட் என்று கொடுத்தால் ஒரு ஆம் போதும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக இரவில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு ஆம் சொல்ல ஆள் இல்லை, அது பிழையோடு நின்றுவிடும். ரிலீஸ்-இன்ஃபோ மாற்றத்தை அனுமதிக்கும் தேர்வைச் சேர்த்து ஒருமுறை ஓட்டினால் சரியாகும். அதே வெளியீட்டில் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் அமைப்பும் மாறியது. முன்பு பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு "அப்டேட்ஸ்", புல்ஸ்ஐ முதல் பெயருக்குப் பின் சிறுகோடு போட்டு "செக்யூரிட்டி". பழைய வரியில் பெயரை மட்டும் மாற்றியவர்களுக்குக் கோப்பு இல்லை என்ற பிழைதான் வந்தது.

இன்னொரு இடம் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்ற இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. மின்ட் பெண்பெயர்களை வைக்கும், பெரும்பாலும் ஆகாரத்தில் முடிபவை. ஒரே உபுண்டு அடித்தளத்தில் வரும் பதிப்புகளுக்கு 18 முதல் 21 வரை ஒரே முதலெழுத்து: 20 உல்யானா, 20.1 உலிஸா, 20.2 உமா, 20.3 ஊனா. குடும்பம் தெரிவதால் நல்ல முறைதான். (நம் வீட்டுப் பெயர் ஒன்றும் அங்கே இருப்பது மகிழ்ச்சி.) சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. மூன்றாம் தரப்பு மென்பொருள்களின் நிறுவல் குறிப்புகள், "உங்கள் குறிப்பெயர் என்ன" என்று எல்எஸ்பி-ரிலீஸ் கட்டளையைக் கேட்டு, அந்தப் பதிலைக் களஞ்சிய முகவரியில் ஒட்டும். மின்ட் 21-ல் பதில் "வனெஸா". அந்தக் களஞ்சியத்தில் இருப்பதோ உபுண்டுவின் "ஜாமி" மட்டும். 404, அதாவது கோப்பு இல்லை. இதற்காகவே மின்டில், இயங்குதளத்தின் விவரங்களைச் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உபுண்டு குறிப்பெயர் என்று தனி வரி வைத்திருக்கிறார்கள். நிறுவல் குறிப்பு எழுதுபவர் முதலில் அந்த வரியைத் தேட வேண்டும், அது இல்லையென்றால்தான் பொதுக் குறிப்பெயர் வரிக்குப் போக வேண்டும். இரண்டு சொல் கூடுதலாக எழுதுகிற வேலை. அதைச் செய்யாததால் எத்தனை புதியவர்கள் லினக்ஸே வேலை செய்யவில்லை என்று திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அகர வரிசை கொடுக்கும் சுகமும் அது முடியும் நாளும்

டெபியனின் பெயர்களுக்கு வரிசை கிடையாது. வெளியீட்டுக் குழு தேர்ந்தெடுத்து அறிவிக்கும், வாக்கெடுப்பும் இல்லை. விரைவாக முடியும் என்பது இதன் பலம். பலவீனம் என்னவென்றால், 10 பஸ்டர், 11 புல்ஸ்ஐ, 12 புக்வோர்ம். மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, எது முந்தியது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று பதிப்பும் ஒரே நேரத்தில் ஓடிய அலுவலகங்களில் இது நிஜமான தொல்லை. உங்கள் திட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பதிப்புகள் ஆதரவில் இருக்குமோ, குறைந்தது அத்தனை பெயர்களுக்காவது முதலெழுத்து வேறுவேறாக இருக்கட்டும்.

உபுண்டு அகர வரிசையை எடுத்துக்கொண்டது. ஓர் அடைமொழி, ஒரு விலங்கு, இரண்டுக்கும் ஒரே முதலெழுத்து. முதல் மூன்று பதிப்புகளான வார்ட்டி, ஹோரி, பிரீஸி வரிசையில் இல்லை. 2006-ல் டாப்பர் டிரேக் முதல்தான் ஒழுங்கு. எண் என்பது ஆண்டும் மாதமும். இந்த டாப்பரில்தான் பெயரின் அருமை தெரிந்தது. ஏப்ரலில் வரவேண்டியது ஆறு வாரம் தள்ளிப்போய் ஜூன் 1-ல் வந்தது, எண் 6.04-லிருந்து 6.06 ஆனது. கோப்புறைகளிலும் களஞ்சியத்திலும் டாப்பர் என்றே இருந்ததால் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. தேதியை எண்ணாக வைக்கும் திட்டங்களுக்கு குறிப்பெயர் கட்டாயம் என்றே சொல்வோம். வெளியீட்டு நாள் உறுதியாகும்முன் எண் உறுதியாகாது, வேலையோ ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.

அகர வரிசையின் முடிவு 2017-ல் வந்தது. ஏப்ரலில் 17.04 ஜெஸ்டி ஜாப்பஸ், ஆங்கிலத்தின் கடைசி எழுத்து. அக்டோபரில் 17.10 ஆர்ட்ஃபுல் ஆர்ட்வார்க், மறுபடி முதலெழுத்து. குறிப்பெயர்களைச் சொல்லாக ஒப்பிட்டு "இது அதற்குப் பிந்தையது" என்று முடிவு செய்யும் ஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும், அந்த நாளில் புதியதைப் பழையது என்று நினைக்கும். பத்தாண்டுக்கு மேல் சரியாக ஓடிய நிபந்தனை வரி, ஒரு பெயர் சுற்றி வந்ததால் தவறாகிவிடுகிறது. எந்தப் பதிப்பு எதற்குப் பின் என்று தெரிய வேண்டுமானால் குறிப்பெயரைக் கேட்காதீர்கள். எண் வரியைக் கேளுங்கள், அல்லது டிஸ்ட்ரோ-இன்ஃபோ-டேட்டா பொதியை நிறுவுங்கள். அதில் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனி அட்டவணைக் கோப்பு இருக்கிறது: எண், பெயர், தொடங்கிய நாள், வெளியான நாள், ஆதரவு முடியும் நாள். ஆனால் எண் வரியும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். டெபியனின் சோதனைக் கிளையில் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் எண் வரியே இல்லாமல் இருந்த காலம் உண்டு. வெளியாகாத ஒன்றுக்கு எண் சொல்லக் கூடாது என்ற அந்த 1995 பாடம்தான்.

சுற்றி வரும் வரிசைகள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். ரோபோ மென்பொருளான ராஸ் திட்டம் ஆமைகளின் பெயரை அகர வரிசையில் வைக்கிறது. 2016-ல் அதன் கைனெடிக் உபுண்டு 16.04-க்காக வந்தது. 2022-ல் உபுண்டுவே 22.10-க்கு கைனெடிக் என்று வைத்தது. குரூவி, லூனார் இரண்டும் அப்படியே இரு பக்கமும் வந்தவை. இன்று ஒருவர் கைனெடிக் பிழை என்று தேடினால் எதைத் தேடுகிறார் என்று தேடுபொறிக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மிக நேர்த்தியான விடை செஃப் சேமிப்பு மென்பொருளில் இருக்கிறது. பெயர்கள் கணவாய், ஆக்டோபஸ் போன்ற கடல் உயிரிகளையும் அவற்றைச் சுற்றிய சொற்களையும் ஒட்டியவை. அதோடு, எழுத்தின் இடம்தான் பதிப்பு எண். ஆங்கிலத்தின் ஒன்பதாம் எழுத்தில் தொடங்கும் இன்ஃபெர்னாலிஸ் 9, ஜ்யூவல் 10, லூமினஸ் 12, நாட்டிலஸ் 14, ஆக்டோபஸ் 15, குவின்ஸி 17, ரீஃப் 18. பெயரைக் கேட்டவர் விரல் விட்டு எண்ணி எண்ணைச் சொல்லிவிடலாம். புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கு அகர வரிசைதான் வேண்டும் என்றால், முதல் பதிப்பு 1, முதல் எழுத்து என்று இரண்டையும் முதல் நாளே பூட்டிவிடுங்கள். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் ஓர் எழுத்தையும் தாண்டுங்கள். அப்படிச் செய்தால் 26 பதிப்புகள் வரை கவலை இல்லை.

வாக்கெடுப்பு

பெயரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதில், மேகக் கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக் அளவுக்கு விதிகளை எழுதி வைத்துப் பழகிய சமூகம் குறைவு. 2010-ல் ஆஸ்டின் என்ற பெயரில் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, அந்தச் சுற்றுக்கான மாநாடு எந்த ஊரில் நடக்கிறதோ அந்தப் பகுதியின் நிலவியலிலிருந்து பெயர், முதலெழுத்து அகர வரிசையில். எழுத்து ஆங்கிலத்தின் 26 அடிப்படை எழுத்துகளுக்குள். ஒற்றைச் சொல், அதிகபட்சம் பத்து எழுத்து. "நகரம்", "சிகரம்" போன்ற பொதுச்சொற்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

இந்தப் பத்து எழுத்து வரம்பு அனுபவத்தில் வந்த விதி என்று பார்த்தாலே தெரியும். மூலநிரலை வைத்திருக்கும் கிட் கிளைகளின் பெயரிலும், கண்டெய்னர் படிமங்களின் டேக்குகளிலும், ஆவணப் பக்கங்களின் முகவரியிலும் நுழைகிற சொல் அது. இருபது எழுத்தானால் ஒவ்வோர் இடத்திலும் யாராவது அதைச் சுருக்குவார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சுருக்குவார்கள்.

நிலவியல் விதியின் அழகு, பெயருக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது. ஒன்பதாம் எழுத்து வந்தபோது மாநாடு ஹாங்காங்கில். சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆங்கிலேயர் காலத்துத் தெருவொன்று கைகொடுத்தது: ஐஸ் ஹவுஸ் ஸ்ட்ரீட். ஐஸ்ஹவுஸ் ஆனது. ஷாங்காய் மாநாட்டுக்கு 21-ஆம் எழுத்து. மறுபடி அதே சிக்கல், அதிலும் பின்யின் சொல் கிடையாது. ரஷ்ய எல்லையில் ஓடும் உஸ்ஸூரி ஆறு காப்பாற்றியது. பாரிஸுக்குக் கிலோ, ஏனென்றால் கிலோகிராமின் மூலக்கட்டி பக்கத்து ஸெவ்ரில் இருந்தது. டென்வரில் கூட்டம் நடந்த விடுதிக்கு அருகே ரயில்கள் இரவில் ஊதிக்கொண்டே இருந்த நினைவில் டிரெயின். அங்கேயே நிலவியல் நெகிழ்ந்துவிட்டது. பிறகு அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டு வாலபி, ஜீனா, யோகா, ஜெட் என்று முடித்தார்கள். இரண்டு விதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஊர் ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று, சில சுற்றுகளில் தகுதியான பெயர் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு விதி போதும். இரண்டு வேண்டுமானால், கிடைக்காதபோது எதைத் தளர்த்துவது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

வாக்கெடுக்கும் முறையில் ஓப்பன்ஸ்டாக் செய்தது பின்பற்றத் தக்கது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்று வைக்காமல், எல்லாப் பெயர்களையும் ஒவ்வொருவரும் விருப்ப வரிசையில் அடுக்கும் காண்டார்செட் முறை. ஒற்றை வாக்கு முறையில் இரண்டு நல்ல ஆற்றுப் பெயர்கள் வாக்கைப் பிரித்துக்கொள்ளும், நடுவில் ஒரு வேடிக்கைப் பெயர் ஜெயித்துவிடும். வரிசை முறையில் அந்த வேடிக்கைப் பெயர் பெரும்பாலோரின் தாளில் கடைசியில் கிடக்கும். இன்னொரு பலனும் உண்டு. முடிவில் கிடைப்பது ஒரு வெற்றியாளர் மட்டும் அல்ல, முழு வரிசை. முதலிடத்துப் பெயர் வணிகமுத்திரைச் சோதனையில் விழுந்தால், மறு வாக்கெடுப்பு இல்லாமல் இரண்டாம் இடத்துக்குப் போகலாம். ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் மதிப்பெண் போடும் முறை இருந்தது. அதிலும் இதே வசதி கிடைக்கும், ஆனால் பிடித்த ஒன்றுக்கு முழு மதிப்பெண்ணும் மற்றதற்கெல்லாம் பூஜ்ஜியமும் போட்டு ஒரு பெயருக்காகப் பிரசாரம் செய்பவர்கள் அதில் வலுவாகிவிடுவார்கள்.

சோதனை எப்போது என்பதுதான் பலரும் தவறுகிற இடம். வாக்கெடுப்பு முடிந்து, வென்ற பெயரைக் கொண்டாடிவிட்டு, பிறகு சட்டப் பிரிவுக்கு அனுப்பினால், வேண்டாம் என்று பதில் வரும்போது வாக்களித்த எல்லோரும் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். மேலோட்டமான தேடலை முன்பே முடித்துவிடுங்கள்: அதே பெயரில் மென்பொருள் இருக்கிறதா, நிறுவனம் இருக்கிறதா, எந்த மொழியிலாவது கெட்ட வார்த்தையா. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முதலில் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம். ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு திறமூலத் தரவுத்தளம், அதன் சமூகம் கொதித்தது. 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ். முதல் மாற்றத்தின்போதே திறமூலத் திட்டங்களின் பட்டியலையும் பார்த்திருந்தால் இரண்டாம் மாற்றம் தேவைப்பட்டிருக்காது.

சிறிய திட்டத்துக்குப் போதுமான கால அளவு இது. நடப்புப் பதிப்பு உறைநிலைக்கு (புதிய அம்சம் எதுவும் சேர்க்காத நிலைக்கு) போகும் வாரத்தில் அடுத்ததன் பெயருக்கான பரிந்துரைகளைத் திறங்கள், பத்து நாள் விடுங்கள். இருவர் உட்கார்ந்து விதிக்குப் பொருந்தாததையும் மோதுவதையும் கழித்து ஐந்து முதல் எட்டுப் பெயராக்குங்கள். கழித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். இதை விட்டால் சண்டை வரும். ஒரு வாரம் வாக்கெடுப்பு. வாக்களிக்கத் தகுதி யாருக்கு என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கடந்த ஓராண்டில் ஒரு திருத்தமாவது சேர்த்தவர் என்பது நியாயமான எல்லை. மொழிபெயர்ப்பும் ஆவணமும் செய்தவர்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நடப்புப் பதிப்பு வெளியாகி, அடுத்த கிளை திறக்கும் நாளில் பெயர் கையில் இருக்க வேண்டும். தள்ளிப்போனால் "நெக்ஸ்ட்" என்று தற்காலிகக் கிளை ஒன்று திறக்கப்படும், அதை எல்லா ஸ்கிரிப்டுகளும் பிடித்துக்கொள்ளும், பிறகு அதை எடுக்கவே முடியாது.

எழுத்துகள் செய்யும் சேதம்

ஃபெடோரா முதல் 20 பதிப்புகளுக்குப் பெயர் வைத்தது. விதி சங்கிலி போன்றது: முந்தைய பெயரும் புதிய பெயரும் ஏதாவது ஒரு வகையில் ஒரே இனமாக இருக்க வேண்டும், அந்தத் தொடர்பு ஏற்கெனவே பயன்படுத்தியதாக இருக்கக் கூடாது. 2013 ஜூலையில் 19-ஆம் பதிப்புக்கு ஷ்ரோடிங்கரின் பூனை என்ற இயற்பியல் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது அதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, ஓ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி. மற்றொன்று, "உடைய" என்பதைக் காட்டும் மேற்கோள்குறி. ஓஎஸ்-ரிலீஸ் கோப்பை ஷெல் ஸ்கிரிப்டுகள் நேரடியாக உள்ளிழுத்துப் படிக்கும். ஷெல்லுக்கு நேர் மேற்கோள்குறி என்றால் ஒரு சரம் தொடங்குகிறது என்று அர்த்தம். ஆகவே வளைந்த குறியை இட்டார்கள். அதுவும் இரண்டு புள்ளி ஓவும் அடிப்படை எழுத்துக்குறிகளுக்கு வெளியே. அந்த வரியில் அடிப்படை எழுத்துகள்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட கருவிகள் தடுக்கி விழுந்தன. அடுத்த ஹைசன்பக்கோடு பெயர் வைப்பதே நின்றது. 2014 டிசம்பரில் வந்த 21 வெறும் 21.

ஓஎஸ்-ரிலீஸ் வரையறையே குறிப்பெயருக்கு எல்லை வகுத்திருக்கிறது: ஆங்கிலச் சிற்றெழுத்து, எண்கள், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு, அவ்வளவுதான். இடைவெளி கிடையாது. நிறுவலுக்கான ஐஎஸ்ஓ படிமத்தின் லேபிளுக்கு 32 இடம்தான். அதனால்தான் ஃபெடோரா "வொர்க்ஸ்டேஷன்" என்பதை லேபிளில் இரண்டு எழுத்தாகச் சுருக்குகிறது. அழகான பெயர் வேண்டுமா, அறிவிப்பில் போடுங்கள். கோப்பில் போவதற்குத் தனியாக ஒரு எளிய வடிவம் வையுங்கள். இந்த இயங்குதளங்களுக்கெல்லாம் உட்கருவான லினக்ஸ் கெர்னல் இதை மிக எளிதாக முடித்துவிட்டது. மேல்மட்ட மேக்ஃபைலின் முதல் சில வரிகளில் எண்களுக்குக் கீழே பெயர் என்று ஒரு வரி, அதில் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நினைத்ததை எழுதுவார். 3.11-க்கு "லினக்ஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்" என்று வைத்தார். எந்தக் கருவியும் அந்த வரியை நம்பி ஓடுவதில்லை, கெர்னல் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளையும் காட்டாது. ஆகவே எதையும் கெடுப்பதில்லை.

உச்சரிப்பு இன்னொரு சோதனை. ஆண்ட்ராய்டு 2019-ல் இனிப்புப் பெயர்களைப் பொதுவெளியில் கைவிட்டபோது சொன்ன காரணங்கள் இரண்டு. சில மொழிகளில் லகர ரகர ஒலிகள் பேச்சில் பிரியாததால் லாலிபாப் என்று சொன்னாலும் எந்த எழுத்து என்று தெரியாது. பை என்பது எல்லா நாட்டிலும் இனிப்பு இல்லை. நமக்கும் இது புரியும். டெபியன் 1.3-ன் பெயரைத் தமிழில் எழுதினால் "போ". ஓப்பன்ஸ்டாக்கின் பைக் எழுத்தில் இரு சக்கர வண்டியாகிவிடும். தேர்ந்தெடுத்த பெயரைத் தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லி, அவர் எழுதியதை வாங்கிப் பாருங்கள். மூன்று பேரில் இருவர் தவறாக எழுதினால் அந்தப் பெயர் வேண்டாம்.

தமிழ்ப் பெயர் வைக்க விரும்பும் குழுக்களுக்குச் சில கணக்குகள். "குறிஞ்சி" கண்ணுக்கு நான்கெழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடு, கோப்பில் 24 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாவதால் 72 எழுத்து. ஃபேட் வடிவப் பென்டிரைவின் லேபிளுக்கு 11 இடம்தான், அதில் ஏறாது. தமிழில் அறிவியுங்கள், ஆனால் கிளைக்கும் கோப்புக்கும் ஓர் ஆங்கில எழுத்து வடிவம் கட்டாயம். அந்த வடிவத்தை முதல் நாளே ஒன்றாக முடிவு செய்யுங்கள். "ஞ்சி"யை இரண்டு விதமாக எழுதுவார்கள், "ழ"வை மூன்று விதமாக எழுதுவார்கள். மற்ற வடிவங்களின் ஆவண முகவரிகளை அந்த ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

அகர வரிசையில் வைப்பதானால் இன்னொன்று. கணினியின் குறியீட்டு வரிசை நம் அகராதி வரிசை இல்லை. யூனிகோடில் வகரத்துக்கு முன்னால் ழகரம் வருகிறது, அதனால் கோப்புப் பட்டியலில் பழனி முதலிலும் பவானி பிறகும் நிற்கும். அகராதியில் தலைகீழ். ஜகரம் சகரத்தை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் ஜவ்வாது தாமிரபரணிக்கு முன்னால் போய்விடும். பெயருக்கு முன்னால் எண்ணைப் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது.

ஓப்பன்ஸ்டாக்கும் கடைசியில் எண்ணைத்தான் முன்னுக்குக் கொண்டுவந்தது. 26 எழுத்தும் முடிந்து மறுபடி முதலெழுத்துக்கு வந்தபோது, 2023.1 ஆன்டிலோப் என்றார்கள். ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வெளியீடு, பிறகு பெயர். கிட் கிளையின் பெயரில் எண் மட்டும். பெயர் அறிவிப்புக்கும் அட்டைப் படத்துக்கும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த ராக்கி பதிப்பைப் பராமரித்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். 2018-ல் ஓப்பன்ஸ்டாக் ராக்கி, 2021-ல் ராக்கி லினக்ஸ் என்றொரு இயங்குதளம். ஓப்பன்ஸ்டாக்கை ராக்கி லினக்ஸ் மேல் நிறுவுகிறவரின் தேடல் முடிவுகளில் இரண்டும் கலந்து வரும், பாதி விடைகள் தவறான ராக்கிக்கானவை. ஆகவே பிழை அறிக்கைப் படிவத்தில் எண்ணைத் தனிப் பெட்டியாகக் கேளுங்கள், பெயர் மட்டும் எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள்.

ஆதரவு முடிந்த பதிப்பின் பெயரை மறுபடி எடுக்கவும் கூடாது, கோப்புறையை அழிக்கவும் கூடாது. டெபியனில் காலாவதியானவை ஆர்க்கைவ் சர்வருக்குப் போகும். பழைய இயந்திரம் ஒன்றில் ஒரு பொதி தேவைப்பட்டால், சோர்சஸ்.லிஸ்டில் சர்வர் முகவரியை ஆர்க்கைவ் என்று மாற்றுங்கள், பாதுகாப்பு, அப்டேட்ஸ் வரிகளைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், காலாவதித் தேதிச் சோதனையை ஆப்ட் அமைப்பில் நிறுத்துங்கள், பிறகு அப்டேட் ஓட்டுங்கள். குறிப்பெயரில் கை வைக்க வேண்டாம். 1997-ல் வந்த "போ" இன்னும் அதே பெயர்க் கோப்புறையில்தான் இருக்கிறது.